மைதா எதுல செய்யறாங்க?

பொடிசின் வயிறு ஒரு வருஷமாக அந்த வீட்டை ஆட்டிவைத்துக்கொண்டிருக்கும் கதை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பொடிசுக்கு ஐந்தரை வயது. உயரம் என்னவோ நாலு வயதிலேயே நின்றுவிட்டது. சாப்பிட்டால் வயிறு வலிக்கும், சாப்பிடாவிட்டால் அழுகை வரும், வாரத்தில் நாலு நாள் வயிற்றால் போகும். குழந்தைகள் டாக்டர் எடை பார்த்து, நாக்கைப் பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, கடைசியில் சீலியாக் என்று ஒரு பெயரைச் சொன்னார். கோதுமையை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்ளும் வியாதி, இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று வயிற்று டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அந்த வயிற்று டாக்டரிடம் இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த நாள் இன்றைக்குத்தான்.

பொடிசின் அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியம்மா என்பார்கள். மூக்கில் ஒரு வட்டச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாளுக்கு நூறு தடவை கேட்பது அவள் வேலை. அவளுக்குச் சந்தேகம் என்றால் பிடிக்காது. எதையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

அதனால்தான் சீட்டு வாங்கிய அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து கோதுமையைத் துரத்திவிட்டாள். கோதுமை மாவு டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள். பழுப்பு ரொட்டியைக் குப்பையில் போட்டாள். “இன்னியோட கோதுமைங்கற பேச்சே இந்த வீட்டுல கிடையாது” என்று சொல்லிவிட்டுக் கையை உதறினாள்.

அப்படி இரண்டு மாதம். பொடிசுக்கு ஒரு மாற்றமும் இல்லை. வலி அப்படியே, வயிற்றுப்போக்கு அப்படியே.

பத்து நாளுக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “கோதுமையை நிறுத்தி எத்தனை நாளாச்சு. குறையவே இல்லையே. அப்போ கோதுமை காரணம் இல்லைன்னுதானே அர்த்தம்? சும்மா எதுக்குப் பிள்ளையைக் குத்திக்கிட்டு. வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிடு.”

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தாள். இரண்டு தடவையும் கீழே வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இன்று காலை எட்டரை மணிக்கும் அந்தக் குழப்பம்தான்.

“போறதா வேண்டாமா, ஒரு முடிவுக்கு வா” என்றாள் நாத்தனார். மாஸ்டரின் அக்கா அவள். மாஸ்டர் என்றால் பொடிசின் அப்பா. ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து அடுப்பில் ஏற்றுவது முழுக்க அவன் பொறுப்பு, ஊரே மாஸ்டர் என்பதால் வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. விடியற்காலை நாலு மணிக்கே போய்விடுவான். நாத்தனார் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள், பகல் முழுக்கப் பொடிசு அவள் பொறுப்பு.

“போய்த்தான் பார்ப்போமே அக்கா. இல்லைன்னு அவங்க வாயால சொல்லிட்டா நிம்மதியாப் போயிடும்.”

“அதுவும் சரிதான்.” நாத்தனார் பொடிசைத் திருப்பி நிறுத்தி கவுனின் பின்பக்கக் கொக்கியை மாட்டினாள். “இதைப் பார்த்தியா? போன வருஷம் தைச்சது. நீளம் அப்படியே இருக்கு, மடிப்பைப் பிரிக்கவே வேண்டியதில்லை. வயித்துக்கிட்ட மட்டும் ரெண்டு தடவை பிரிச்சு விட்டுட்டேன். இத்தனை வருஷம் தைக்கிறேன், இப்படி ஒரு அளவு நான் கண்டதில்லை.”

“அத்தை, குத்துவாங்களா?” என்றது பொடிசு.

“எறும்பு கடிக்கற மாதிரி.”

“எந்த எறும்பு? கறுப்பா, சிவப்பா?”

நாத்தனார் ஒரு நோட்டை எடுத்துக் கண்ணாடியம்மாவிடம் நீட்டினாள். “இதை மறக்காம காட்டு. ரெண்டு மாசமா என்ன சாப்பிட்டா, எத்தனை தடவை வெளியே போனா, எல்லாம் எழுதியிருக்கேன். ஒரு வேளை விடலை.”

கண்ணாடியம்மா நோட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் கெட்டிக்காரி. எழுத்து மட்டும் தையல் மாதிரியே நெருக்கமாக இருக்கும்.

*

வயிற்று டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். பொடிசைப் படுக்கவைத்து வயிற்றில் தட்டிப் பார்த்தார். கைகளை விரிக்கச் சொல்லி நகத்தைப் பார்த்தார். கண்ணாடியம்மா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள், கடைசியில் கொஞ்சம் பெருமையாகவே முடித்தாள்.

“சீட்டு கொடுத்த அன்னிக்கே கோதுமையை நிறுத்திட்டோம் டாக்டர். ரெண்டு மாசமா ஒரு துளி உள்ளே போகலை.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யார் நிறுத்தச் சொன்னது?”

கண்ணாடியம்மா முழித்தாள். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் இந்தக் கேள்வி வந்தது. “ஒத்துக்கலைன்னா நிறுத்தத்தானே வேணும்?”

“நிறுத்தணும். ஆனா டெஸ்ட் எடுத்த பிறகு நிறுத்தணும். உள்ளே கோதுமை போகுது, உடம்பு அதோட சண்டை போடுது. அந்தச் சண்டையோட அடையாளத்தைத்தான் ரத்தத்துல தேடறோம். ரெண்டு மாசமா எதிராளியே வரலைன்னா உடம்பு யாரோட சண்டை போடும்? இப்போ ரத்தம் எடுத்தா வியாதி இருந்தாலும் இல்லைன்னு வரலாம்.”

“அப்போ?”

“திரும்பவும் கோதுமை கொடுக்கணும். தினமும். ஆறு வாரமாவது ஆகும். அப்புறம்தான் டெஸ்ட்.”

கண்ணாடியம்மா பொடிசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விஷமா என்று தெரிந்துகொள்ள அந்த விஷத்தையே ஆறு வாரம் ஊட்ட வேண்டும் என்கிறார்களே. அதுவும் இவள் கையால். மடியில் உட்கார்ந்திருந்த பொடிசு அவள் வளையலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.

“ஆனா நிறுத்தியும் ஒண்ணும் குறையலையே டாக்டர். அதனாலதான் இவங்க அப்பாகூட இது கோதுமையால இல்லைன்னு சொல்றார்.”

“குறையவே இல்லையா?”

“கொஞ்சம்கூட. வேணும்னா பாருங்க, எழுதி வெச்சிருக்கோம்.”

டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். நாத்தனாரின் நெருக்கமான எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். இன்னொரு பக்கம் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“காலையில ரொட்டி ரெண்டு துண்டு. பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட் நாலு. சாயங்காலம் ரொட்டி ரெண்டு துண்டு. இது தினமுமா?”

“தினமும்தான். அது வெள்ளை ரொட்டி டாக்டர். பழுப்பு ரொட்டியை நிறுத்திட்டோம்.”

“வெள்ளை ரொட்டி எதுல செய்யறாங்க?”

“மைதாவுல.”

“மைதா எதுல செய்யறாங்க?”

கண்ணாடியம்மா வாயைத் திறந்தாள். மைதா மைதாவில்தான் செய்வார்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் வீட்டில் கோதுமை மாவுக்கு ஒரு டின், மைதாவுக்கு ஒரு டின், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டுக்கும் நிறம் வேறு, பெயர் வேறு. அரிசியும் பருப்பும் போல வேறு வேறு சாதியென்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தாள். நீங்களும் உடனே சிரித்துவிடாதீர்கள், நம்மில் எத்தனை பேர் மைதாவின் பூர்வீகத்தை விசாரித்திருக்கிறோம்?

“ஏதோ கிழங்கு மாவுன்னு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள் மெல்ல.

“கோதுமையோட தோலையும் முளையையும் எடுத்துட்டு அரைச்சா மைதா. இந்தப் பிள்ளைக்கு எது ஆகாதோ அது மைதாவுல நிறையவே இருக்கு.”

“அப்போ அவ ரெண்டு மாசமா...”

“தினமும் கோதுமைதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நீங்க எதையும் நிறுத்தலை.”

கண்ணாடியம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டு புரண்டதே, அந்த வயிற்றை இவள்தானே தடவிக் கொடுத்தாள்? தடவிக் கொடுத்துவிட்டுக் காலையில் எழுந்து, ‘இது மைதாடி, பயப்படாமச் சாப்பிடு’ என்று இவள்தானே வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்?

“ஒரு விதத்துல நல்லதாப் போச்சு” என்றார் டாக்டர். “ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே ரத்தம் எடுத்துடலாம். முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஒண்ணு மட்டும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க. ரத்தத்துல சந்தேகம் வந்தா குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டி வரும். அதுக்கும் அவ சாப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்.”

“இன்னும் கொடுக்கணுமா?”

“எப்பவும் கொடுக்கற அளவு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

டாக்டர் இரண்டு சீட்டுகளை எழுதிக் கிழித்தார். “இந்த வியாதி ரத்தத்தோட வர்றது. அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் பார்த்துடறது நல்லது. உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இந்த மாதிரி வயித்துத் தொந்தரவு உண்டா?”

“எனக்கு ஒண்ணும் கிடையாது. அவருக்கும் இல்லைன்னுதான் நினைக்கிறேன்.”

“அவர் என்ன வேலை பார்க்கிறார்?”

“ரொட்டிக்கடையில மாஸ்டர்.”

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே மைதா என்னன்னு சொல்லியிருப்பாரே.”

*

ரத்தம் எடுக்கும் அறையில் பொடிசு அழவில்லை. ஊசி ஏறும்போது உதட்டை மட்டும் கடித்துக்கொண்டது. குழாயில் சிவப்பு ஏறுவதை உற்றுப் பார்த்தது.

“அதுக்குள்ளே ரொட்டி தெரியுமா?”

“தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்” என்றாள் ஊசி போட்ட பெண் சிரித்துக்கொண்டே.

“இது சிவப்பு எறும்புதான். கறுப்பு எறும்பு இப்படிக் கடிக்காது” என்று பொடிசு அவளுக்கு விளக்கம் சொன்னது.

கண்ணாடியம்மா காதில் எதுவும் விழவில்லை. டாக்டரின் கடைசி வாக்கியத்திலேயே அவள் நின்றுவிட்டாள். கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே. கேட்கவா வேண்டும்? டின்னைக் கவிழ்த்த அன்று அவன் அங்கேதானே நின்றுகொண்டிருந்தான். நாத்தனார் நோட்டுப் போட்டபோதும் இருந்தான். தினமும் சாயங்காலம் அந்த ரொட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தவனே அவன்தான்.

அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மைதாவிலேயே முங்கி எழுகிற மனுஷனுக்கு?

வேறு விதமாகவும் நினைத்துப் பார்த்தாள். ஒருவேளை மறந்திருப்பான். ஒருவேளை கவனிக்காமல் இருந்திருப்பான். ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்தாள். எதிலும் தெளிவாகத் தெரியவில்லை.

பொடிசை வீட்டில் நாத்தனாரிடம் விட்டாள். “என்ன சொன்னாங்க?” என்று நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டதற்கு, “வந்து சொல்றேன் அக்கா” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்தாள்.

*

ரொட்டிக்கடையின் பின்பக்கத்துக்குச் சந்து வழியாகப் போக வேண்டும். மதியம் ஒரு மணி. அடுப்பு அணைந்திருந்தாலும் சூடு போகவில்லை. மாஸ்டர் தனியாக இருந்தான். மாவு பிசையும் மெஷினின் தொட்டிக்குள் தலையை விட்டு, ஒட்டிக் காய்ந்திருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சட்டை, புருவம், கை முடி எல்லாம் வெள்ளை.

சுவரோரம் மைதா மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையின் நடுவிலும் ஒரு கையகலத்துக்குக் கோதுமைக் கதிர் படம் அச்சடித்திருந்தது. இந்த வாசலுக்கு நூறு தடவையாவது வந்திருப்பாள். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கொடுக்கிறவளுக்கு இது ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

“மாஸ்டர்.”

அவன் தலையை வெளியே எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“மைதா எதுல செய்யறாங்க?”

அவன் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. சுரண்டியைத் தொட்டி ஓரத்தில் வைத்தான்.

“கோதுமையிலதான்.”

“எப்போலேர்ந்து தெரியும்?”

“வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே தெரியும்.”

அவள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடத்தான் வந்தாள். ஆனால் அவன் ஒரு பொய்யாவது சொல்லுவான், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். இப்படி நேராக ஒத்துக்கொள்ளுவான் என்று எதிர்பார்க்கவில்லை.

“ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்னிக்கே. நீ டின்னைக் கவுத்துட்டு, எல்லாம் ஒழிஞ்சுதுன்னு நின்ன. பொடிசு என்கிட்ட ஓடி வந்து, அப்பா ரொட்டி மட்டும் சாப்பிடலாமான்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள நீ, அது மைதாடி, சாப்பிடலாம்னு சொல்லிட்ட. அவ மூஞ்சியைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்குச் சொன்னா நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்ப. ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா ஒரு வாரம் ஏன் சொல்லலைன்னு கேப்ப. அப்படியே போயிடுச்சு.”

“சும்மா இருந்தது மட்டுமா? கோதுமை காரணம் இல்லைன்னு சோத்துத் தட்டு முன்னால உக்காந்து சொன்னீங்களே. டெஸ்டே வேண்டாம்னு சொன்னீங்களே. அது எதுக்கு?”

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த துணியிலும் மாவுதான் இருந்தது.

“அவளுக்கு அதுதான்னு சொல்லிட்டா, எனக்கும் அதுதான்னு ஆயிடும்.”

“உங்களுக்கா?”

“நான் ரொட்டி சாப்பிட்டு நீ பார்த்திருக்கியா?”

அவள் யோசித்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று வேளையும் சோறுதான் கேட்பான். நாள் முழுக்க ரொட்டியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதைப் பார்த்தாலே சலிப்பாக இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வருகிற ரொட்டி, கேக்கு, பிஸ்கட் எதையும் அவன் வாயில் போட்டு அவள் பார்த்ததே இல்லை.

“சாப்பிட்டா?”

“ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாது. சின்ன வயசுலேர்ந்தே. அவளுக்கு வர்ற மாதிரியேதான். வீட்டுல சோதாப் பயன்னு பேர் வெச்சாங்க. இங்கே வேலைக்கு வந்த பிறகு நானா கண்டுபிடிச்சு விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. ரொட்டி ஒத்துக்காதவன் ரொட்டி மாஸ்டர்னா சிரிக்க மாட்டாங்களா?” அவன் மெஷினைத் தட்டினான். “எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. டாக்டர் வந்து, மாவு இந்தப் பிள்ளை பக்கத்துலயே வரக் கூடாதுன்னு சொல்லிட்டா, நான் எந்தச் சட்டையோட வீட்டுக்கு வருவேன்? அது இல்லாம வேற என்னவாவது இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

அவள் எழுந்து நின்றாள்.

“உங்களுக்கு வலிச்சப்போ நீங்க நிறுத்திக்கிட்டீங்க. அவளுக்கு வலிச்சப்போ கொண்டு வந்து கொடுத்தீங்க.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதற்குமேல் நிற்கவில்லை.

*

சந்திலிருந்து ரோட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று மண்டையில் உறைத்தது.

அவன் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் வெள்ளை ரொட்டியும் நின்றிருக்கும். பொடிசுக்கு வலி குறைந்திருக்கும். இன்றைக்கு டாக்டர், டெஸ்ட் எடுக்க முடியாது, போய் ஆறு வாரம் ஊட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார். அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் இன்று ரத்தம் எடுக்க முடிந்தது.

அப்படியானால் அவன் செய்தது தப்பா, நல்லதா? தப்புதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு நல்லதும் வந்திருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இவள் மட்டும் என்ன யோக்கியம்? கேட்காமலே நிறுத்தினாள், நிறுத்தியதையும் ஒழுங்காக நிறுத்தவில்லை. திட்டுவதென்றால் யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் கண்ணாடியம்மா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். மூன்றாவது பஸ்ஸில் ஏறி, தப்பான நிறுத்தத்தில் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் மைதா கதையை மட்டும் சொன்னாள். தம்பி கதையைச் சொல்லவில்லை. அதற்கே நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“நானும் ரெண்டு மாசமா ஒழுங்கா எழுதி எழுதிக் கொடுத்திருக்கேனே” என்றாள். பிறகு, “தம்பிக்குமா தெரியாது?” என்றாள்.

கண்ணாடியம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு மாஸ்டர் வந்தான். குளித்து, கடையிலேயே வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். தலையில்கூட மாவு இல்லை. கையில் ரொட்டியும் இல்லை.

பொடிசு ஓடிவந்து அவன் கையைப் பிரித்துப் பார்த்தது. “அப்பா, ரொட்டி?”

“இன்னிக்கு இல்லடா.”

“ஏன் இல்லை?” என்று கேட்டது பொடிசு இல்லை, கண்ணாடியம்மா.

அவன் அவளைப் பார்த்தான். “எப்படிக் கொண்டு வருவேன்? நீ சொன்ன பிறகு?”

“கொண்டு வரணும். ரெண்டு துண்டு. டாக்டர் சொல்லியிருக்காங்க. முடிவு தெரியற வரைக்கும் நிறுத்தக் கூடாது.”

“என்னால முடியாதும்மா.”

“என்னால மட்டும் முடியுமா? சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் டெஸ்ட்டுல தெரியுமாம், இப்போ நிறுத்தினா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். போய் எடுத்துட்டு வாங்க.”

இரண்டு மாதத்துக்கு முன்னால் கோதுமையைத் துரத்தியவள் இன்று வாசலில் நின்று அதை வாங்கி வரச் சொல்கிறாள். கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் மாட்டேன் என்கிறான். நாத்தனாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாஸ்டர் போனான். அரை மணி நேரத்தில் ஒரு முழு ரொட்டியோடு திரும்பி வந்தான். அவனே துண்டு போட்டான். அவனே வெண்ணெய் தடவினான். பொடிசின் தட்டில் இரண்டு துண்டு வைத்தான்.

கண்ணாடியம்மா டாக்டரின் சீட்டை அவன் பக்கம் தள்ளினாள். “உங்களுக்கும் எடுக்கணுமாம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும்.”

அவன் படித்துப் பார்த்தான். “நான் இத்தனை வருஷமா சாப்பிடவே இல்லையே. என் ரத்தத்துல என்ன தெரியும்?”

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் இன்னும் இரண்டு துண்டு அறுத்தான். வெண்ணெய் தடவாமல் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு பொடிசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் சட்டென்று தட்டில் கை வைத்தாள். “என்ன பண்றீங்க? அப்படியெல்லாம் நீங்களா ஆரம்பிக்கக் கூடாது. நாளைக்குப் போய் டாக்டரைக் கேட்டுட்டு...”

“பொடிசுகிட்ட கேட்டுட்டா ரெண்டு மாசமா கொடுத்தேன்?”

அவள் கை தட்டிலேயே இருந்தது. இழுத்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை. அவன்மேல் இருந்த ஆத்திரம் இன்னும் அப்படியேதான் இருந்தது. அதோடு கூடவே அந்தத் தட்டைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போலவும் இருந்தது. எது கோபம், எது பயம் என்று பிரிக்கத் தெரியவில்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டாள்.

அவன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றான். மெதுவாகத்தான் மென்றான்.

பொடிசுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அப்பா ரொட்டி சாப்பிடறார் அத்தை” என்று முன்னறைக்குக் குரல் கொடுத்தது. மெஷின் சத்தம் நின்றது.

“நல்லா இருக்காப்பா?”

“நல்லா இருக்குடா.”

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொடிசு முதல் துண்டை முடித்துவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தது.

“உனக்கு வலிக்குதாப்பா?”

“இல்லடா.”

“எனக்கு ஆரம்பிச்சிடுச்சு” என்றது பொடிசு சாதாரணமாக. இரண்டாவது துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. “இருப்பா. உனக்கும் வந்துடும்.”